உறைபனியும் உந்துருளியும்

வெயிலிலே பிறந்து வெயிலிலே வளர்ந்தவர்கள் நாம். பனியென்று நாம் அறிந்ததெல்லாம் மார்கழி, தை மாதங்களின் வைகறையிலே புகையிலைத் தோட்டத்து இலைகளின்மேற் படிந்து, சூரியன் பனைமர உயரம் ஏறுமுன் மறைந்துவிடும் நீர்த்துளிகளையே. நீர் குளிரினாற் கல்லாய் இறுகுமென்பதைப் பாடப் புத்தகத்திற் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், புள்ளியும் பெற்றோம். அந்த நீர் ஒருநாள் எம்மை நடுவழியில் நிறுத்தி எமது உயிரோடு விளையாடும் என்பதை மட்டும் எவரும் எமக்குச் சொல்லித் தரவில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறு. சொல்லித் தந்தார்கள், யாம்தான் விளங்கிக்கொள்ளவில்லை. அவ்வுண்மையை ஒப்புக்கொள்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களுள் ஒன்றாகும்.

விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது சிறிது தயங்கினோம். கல்லூரியின் வரலாற்றையும் பெரியோர்தம் தொண்டினையும் எழுதத் தகுந்தோர் பலர் உளர். யாமோ வாழ்நாளின் பெரும்பகுதியை இயந்திரங்களோடு கழித்தவர். ஆகவே, அறிந்த துறையிலேயே நின்று, குளிர்நாட்டு மாரிக்காலத்தில் மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சின் படும் பாட்டையும், அதற்குரிய காரணங்களையும், பரிகாரங்களையும் எழுதப் புகுந்தோம். எம் பழைய மாணவருள் எத்தனையோ பேர் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழ்கின்றனர். இன்று வகுப்பறையில் இருக்கும் தம்பியருள்ளும் சிலர் நாளை அந்நாடுகளுக்குச் செல்வர். அவர்களுள் ஒருவருக்காயினும் இது பயன்படுமாயின் எழுதியது வீண்போகாது.

பாம்புக் கணவாயில் ஒரு மாலை

1992ஆம் ஆண்டில் யாம் இங்கிலாந்தின் மஞ்செஸ்ரர் நகரில் வசித்து, மலைக்கு அப்பாலுள்ள ஷெபீல்ட் நகரிலே தொழில் பார்த்து வந்தோம். இரு நகரங்களுக்கும் இடையே பெனைன் மலைத்தொடர் கிடக்கின்றது. அதனை ஊடறுத்துச் செல்லும் பாதைக்குப் பாம்புக் கணவாய் என்று பெயர். பாதையின் வளைவுகளைக் கண்டோர் பெயர் அதனால் வந்ததென்றே நினைப்பர். ஆயின், டெவன்ஷயர்ப் பிரபுக்களின் குடும்ப இலச்சினையிலுள்ள பாம்பே அப்பெயருக்குக் காரணம் என்பர். 1821இல் திறக்கப்பட்ட அப்பாதை, உச்சியில் 512 மீற்றர் உயரத்தை அடைகின்றது. எமது பிதுருதலாகலையோடு ஒப்பிட்டால் அது மலையே அன்று. எனினும், மேகம் தரையிலே வந்து படுத்துக்கொள்ளும் இடம் அது. மாரியிலே பனி மூடி, பாதையை அடைத்துவிடும் நாள்களும் உண்டு.

எம்மிடம் இருந்தது இரு சிலிண்டர்களையுடைய, அரை லீற்றர்க் கொள்ளளவுள்ள ஒரு மோட்டார்ச் சைக்கிள். பிறர் ஓட்டிக் கழித்ததை வாங்கியிருந்தோம். கோடையிலே அது குற்றமொன்றும் சொல்ல இடமின்றி ஓடிற்று. ஒக்ரோபர் மாதம் பிறந்ததும் நோய் தொடங்கியது. புறப்பட்டு அரைமணி நேரம் நன்றாக ஓடும். பின்னர் மூச்சுத் திணறுபவன்போல இழுக்கும். சந்தியில் நிறுத்தினால் தானே அணைந்துவிடும். எத்தனைமுறை முடுக்கினாலும் உயிர்க்காது. மனமொடிந்து, பத்து நிமிடம் பாதையோரத்தில் நின்றுவிட்டு மீண்டும் முயன்றால், ஒன்றும் நடவாததுபோல எஞ்சின் உறுமிக்கொண்டு எழும்!

கராஜுக்குக் கொண்டு சென்றோம். மெக்கானிக் கதவடைத்த சூடான அறையில் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். குற்றமில்லை. பிளக்குகளை மாற்றினார், பணம் கொடுத்தோம். நோய் திரும்பிற்று. மின்கம்பிகளை மாற்றினார், பணம் கொடுத்தோம். நோய் மீண்டும் திரும்பிற்று. பெற்றோலில் நீர் கலந்திருக்குமென்று தாங்கியை வடித்துக் கழுவினார். மூன்றாம் முறையும் பணம் கொடுத்தோம். எஞ்சினைவிட எமது பணப்பைதான் விரைவில் வெறுமையாயிற்று.

நவம்பர் மாதத்து மாலையொன்றில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். நாலரை மணிக்கே இருள் சூழ்ந்துவிடும் காலம். கணவாயின் உச்சியில் மேகம் அடர்ந்திருந்தது. வெப்பநிலை சதமவளவையில் 4 பாகை இருக்கலாம், உறைநிலைகூட அன்று. உச்சியைக் கடந்து இறங்கத் தொடங்கி, அக்சிலேற்றர்ப் பிடியைத் தளர்த்தினோம். இரண்டாவது வளைவிலே எஞ்சின் இருமிற்று, மூன்றாவதில் அணைந்தது. வேகம் குறைந்தது. பின்னால் வந்த வாகனத்தின் விளக்கொளி முதுகின்மேல் விழுந்து, ஒரு கணத்திற் பெரிதாகிப் பெருவெள்ளமாயிற்று. தடுப்புப் போடும் ஓசையும், ரயர்கள் ஈரத்திலே வழுக்கும் ஓசையும் கேட்டன. யாம் புல்லோரத்திலே சாய்ந்து விழுந்தோம். வாகனம் எம்மைத் தொடாமல், ஒரு முழத் தூரத்தில் நின்றது.

அதிலிருந்து இறங்கியவர் எழுபது வயதை அண்மிய ஒரு கிழவர். எமக்கு அடிபடவில்லை என்று கண்டபின்புதான் அவர் கைகள் நடுங்கத் தொடங்கின. "தம்பி, இன்னும் ஒரு நொடி பிந்தியிருந்தால் நான் உன்னைக் கொன்றிருப்பேன்" என்றார். நிகழ்ந்ததைக் கூறி, பிளக்கைக் கழற்றுவதற்காகக் கருவிப் பையைத் திறந்தோம். கிழவர் எமது கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிளக்கைத் தொடாதே. கையுறையைக் கழற்றிவிட்டு, இதோ இதைத் தொட்டுப் பார்" என்று காபரேற்றரைச் சுட்டிக் காட்டினார்.

தொட்டோம். விரல் ஒட்டிக்கொண்டது. ஓர் அங்குலத்துக்கு அப்பால் சிலிண்டரின் தலை கைவைக்க முடியாதபடி சுட்டுக்கொண்டிருக்க, காபரேற்றரின் புறம் முழுதும் வெண்பனி பூத்திருந்தது!

அக்கிழவர் போர்க்காலத்திலே விமானப்படையில் எஞ்சின் திருத்துநராய் இருந்தவர். "விமானத்தில் இது நிகழ்ந்தால் ஒதுங்கி நிற்பதற்குப் புல்லோரம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே, தமது வாகனத்திலிருந்து ஒரு சுடுநீர்ப் போத்தலை எடுத்துவந்தார். அதிலிருந்த தேநீரிற் பாதியை எமக்குத் தந்தார். மீதிப் பாதியைக் காபரேற்றரின் புறத்தே மெல்ல மெல்ல ஊற்றினார். தேயிலை எந்நாட்டதென்று யாம் கேட்கவில்லை. எமக்கும் எஞ்சினுக்கும் ஒருங்கே உயிர் வந்தது.

தடயமின்றி மறையும் கள்வன்

இனி, நிகழ்ந்தது யாதென்று ஆராய்வோம். எஞ்சின் எரிப்பது பெற்றோலையன்று. பெற்றோலின் ஆவியும் வளியும் கலந்த கலவையையே. அக்கலவையை ஆக்குவது காபரேற்றர். அதன் உள்ளே ஒரு குழாய் நடுவில் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் வளி விரைந்து பாய்வதால் அமுக்கம் குறைகின்றது. அதனாற் சிறு துவாரங்கள் வழியாகப் பெற்றோல் உறிஞ்சப்பட்டுத் தூவலாய்ச் சிதறி ஆவியாகின்றது. எவ்வளவு கலவை உட்செல்ல வேண்டுமென்பதை ஒரு தகடு திறந்தும் மூடியும் தீர்மானிக்கின்றது.

திரவம் ஆவியாக வேண்டுமாயின் வெப்பம் வேண்டும். அதனையே மறைவெப்பம் என்கின்றோம். ஒரு கிலோகிராம் பெற்றோல் ஆவியாவதற்கு ஏறத்தாழ 350 கிலோயூல் வெப்பம் தேவை. அது எங்கிருந்து வரும்? உடன் பாயும் வளியிலிருந்தும், சூழ்ந்துள்ள உலோகத்திலிருந்துமே வரும். ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு வளி என்ற நிறை விகிதத்தில் எஞ்சின் உட்கொள்கின்றது. ஒரு கிலோகிராம் வளியின் வெப்பநிலையை ஒரு பாகை மாற்றுவதற்கு ஏறத்தாழ ஒரு கிலோயூல் போதும். எனவே 350ஐ 15ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறத்தாழ 23 வரும். பெற்றோல் முழுவதும் அவ்விடத்திலேயே ஆவியாகி, வெப்பம் முழுவதும் வளியிலிருந்தே எடுக்கப்படின், அவ்வளி 23 பாகை குளிரும். நடைமுறையில் முழுவதும் ஆவியாவதில்லை. உலோகமும் சிறிது வெப்பம் தரும். ஆயினும் பத்துப் பாகை குளிர்ந்தாலே போதும். 4 பாகையில் உட்புகுந்த மேகவளி, பூச்சியத்துக்குக் கீழ் 6 பாகையை அடைந்துவிடும்.

அவ்வளியில் நீராவி உண்டு. 4 பாகையில் ஈரம் நிரம்பிய வளியின் ஒரு கனமீற்றரில் ஏறத்தாழ 6 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் அரை லீற்றர் எஞ்சின், தகடு முழுவதும் திறந்திருக்குமாயின், நிமிடத்துக்கு ஒரு கனமீற்றர் வளியை விழுங்கும். பாதி திறந்திருப்பினும் நிமிடந்தோறும் சில கிராம் நீர் அச்சிறு குழாயினூடே செல்கின்றது என்பது தெளிவு. அதில் ஒரு சிறு பங்கு தகட்டின் விளிம்பிலும் துவாரங்களின் வாயிலும் பனிக்கட்டியாய்ப் படிந்தால் எஞ்சினின் தொண்டை அடைபடும்.

மலையில் இறங்கும்போதே நோய் முற்றியதன் காரணமும் இதனால் விளங்கும். இறக்கத்திலே தகடு ஏறக்குறைய மூடியிருக்கின்றது. அதற்கும் குழாய்ச் சுவருக்கும் இடையே உள்ள வெளி மயிரிழையளவே. அதனை அடைப்பதற்கு அதிகம் பனிக்கட்டி வேண்டியதில்லை. அவ்வேளையில் எஞ்சின் உழைப்பதுமில்லை. ஆதலின் அது வெளிவிடும் வெப்பமும் குறைவு.

எஞ்சின் அணைந்தபின் நிகழ்வது இன்னும் நுட்பமானது. குளிர்வித்துக்கொண்டிருந்த பெற்றோலோட்டம் நின்றுவிட்டது. சூடான சிலிண்டர்த் தலையிலிருந்து வெப்பம் மெல்லக் கடந்து காபரேற்றரை அடைகின்றது. பத்து நிமிடத்திற் பனிக்கட்டி உருகி, நீராய் வடிந்து, ஆவியாய் மறைந்துவிடுகின்றது. திருடிய கள்வன் தடயமெதுவும் விடாமற் போய்விட்டான். இதனாலேயே எமது மெக்கானிக் எவ்வளவு முயன்றும் குற்றத்தைக் காணவில்லை. அவருடைய சூடான அறையில் அக்கள்வன் பிறக்கவே மாட்டான். குற்றம் அவருடையதன்று, நோயாளியை நோய் இல்லாத இடத்தில் வைத்தே அவர் நாடி பார்த்தார்.

மிகுந்த குளிரில் நிகழாதது ஏன்?

குளிர் அதிகரிக்க அதிகரிக்க இந்நோயும் அதிகரிக்குமென்று எண்ணுதல் இயல்பு. ஆயின் அவ்வாறன்று. ஒரு கனமீற்றர் வளி 30 பாகையில் 30 கிராம் நீராவியையும், 10 பாகையில் 9 கிராமையும், பூச்சியத்தில் 5 கிராமையும், பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் ஏறத்தாழ ஒரு கிராமையுமே தாங்கவல்லது. கனடாவின் நடுமாரியில் வளி எலும்புபோல் உலர்ந்திருக்கும். பனிக்கட்டியாவதற்கு அங்கே நீர் இல்லை. எனவே இந்நோய்க்கு ஏற்ற காலம் உறைநிலையிலிருந்து பத்துப் பாகை வரையான, மூடுபனியும் தூறலும் பொருந்திய காலமே. பிரித்தானியாவின் மாரி பெரும்பாலும் அத்தன்மையது. அதனாலேயே அந்நாட்டிலே காபரேற்றர் பொருத்திய மோட்டார்ச் சைக்கிள்கள் பல இந்நோயாற் பீடிக்கப்பட்டன.

எம் ஊரில் நிகழாதோ எனின், வளியில் ஈரம் மிகுதியாயினும், வெப்பநிலை உயர்ந்திருப்பதால் அது பெரும்பாலும் வியர்வையோடு நின்றுவிடுகின்றது. மாரி மழைக்காலத்தில் ஓடிவந்து நின்ற பழைய மோட்டார்ச் சைக்கிளின் காபரேற்றரிலே நீர் முத்துமுத்தாய் அரும்பியிருப்பதைப் பார்த்தவர் பலர் இருப்பர். அது அந்நோயின் தம்பி. விமானிகளோ வெப்பமான நாளிலும் ஈரம் மிகுந்த வளியில் இதனை எதிர்பார்க்குமாறு பயிற்றப்படுகின்றனர். சிறிய விமானங்களில், புகைபோக்கியின் வெப்பத்தாற் சூடாக்கிய வளியைக் காபரேற்றருக்குச் செலுத்துவதற்கென்றே தனியொரு நெம்புகோல் உண்டு.

மோட்டார்ச் சைக்கிளுக்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, காபரேற்றருக்கு வெப்பம் ஊட்டுவது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரில் ஒரு கிளையைக் காபரேற்றரின் உடலினூடே ஓடவிடலாம். அன்றேல் சிறிய மின்சூடாக்கியைப் பொருத்தலாம். இரண்டாவது, பெற்றோலிலே சிறிதளவு அற்ககோல் சேர்ந்த மருந்தைக் கலப்பது. அற்ககோல் நீரோடு கூடி அதன் உறைநிலையைத் தாழ்த்திவிடும். மூன்றாவது, ஓட்டும் முறை: எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் விரைந்தோடாமை, இறக்கத்திலும் இடையிடையே பிடியைத் திருகி எஞ்சினைச் சிறிது உழைக்கவிடுதல் என்பன. யாம் அடுத்த வாரமே மருந்தை வாங்கிக் கலந்தோம். மாரி முடியும்வரை எஞ்சின் ஒருமுறையும் நிற்கவில்லை. அம்மருந்தின் விலை, யாம் கராஜுக்குக் கொடுத்த பணத்தில் இருபதில் ஒரு பங்கும் இராது.

எழ மறுக்கும் எஞ்சின்

உண்மையான உறைபனியில் வரும் தொல்லை வேறு. அங்கே எஞ்சின் வழியில் நிற்பதில்லை. காலையில் எழவே மறுக்கின்றது. அதற்குக் காரணம் மூன்று.

ஒன்று, எண்ணெய். குளிரில் தேங்காயெண்ணெய் உறைவதை நுவரெலியாவிற் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் எண்ணெய் அவ்வாறு உறையாவிடினும் தேன்பாகுபோற் தடிக்கும். எண்ணெய்ப் புட்டியில் 10டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதில் டபிள்யூ என்னும் எழுத்து மாரியைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாயின் எண்ணெய் குளிரிலும் இளகியிருக்கும். 20டபிள்யூ எண்ணெயைப் பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகையிலும், 10டபிள்யூ எண்ணெயைக் கீழ் 25 பாகையிலும், 5டபிள்யூ எண்ணெயைக் கீழ் 30 பாகையிலும் சோதித்து, எஞ்சினைச் சுழற்றும் அளவுக்கு இளகியுள்ளதா என்று பார்ப்பர். நாட்டுக்கேற்ற எண்ணெயைத் தேர்வது அறிவுடைமை.

இரண்டு, பற்றரி. அதனுள் மின்னைத் தருவது ஓர் இரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகின்றது. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையில் ஈயப் பற்றரியின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகும். தடித்த எண்ணெயைச் சுழற்றுவதற்கு இருமடங்கு வலு வேண்டிய வேளையிலேதான் வலு பாதியாகின்றது! மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மின்னேற்றம் நிறைந்த பற்றரியின் அமிலம் எந்தக் குளிரிலும் எளிதில் உறையாது. மின் முற்றும் இறங்கிய பற்றரியிலோ அமிலம் நீர்த்திருப்பதால், அது பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகையை அண்மித்ததும் உறைந்து வெடிக்கும். ஆதலின், மாரியில் ஓட்டாது நிறுத்திவைப்பவர் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, இடையிடையே மின்னேற்றி வருதல் வேண்டும்.

மூன்று, பெற்றோல். கடுங்குளிரில் அதன் இலேசான பகுதிகளே ஆவியாகும். மற்றவை துளிகளாகவே குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். எனவே, வழக்கத்தினும் அதிகம் பெற்றோலை ஊட்டினாற்றான் எரியத்தக்க அளவு ஆவி கிடைக்கும். சோக் என்னும் உறுப்பின் தொழில் அதுவே. அளவுக்கு மிஞ்சி முயன்றால் பிளக்கு நனைந்து பொறி அற்றுவிடும். சிறிது நேரம் முடுக்கி, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முடுக்குவதே முறை.

இம்மூன்றாவது தொல்லையை எம் மண்ணில் இருந்தோருக்கு விளக்க வேண்டியதில்லை. 1990இன் பின், பெற்றோல் வருவது தடைப்பட்ட ஆண்டுகளில், யாழ்ப்பாணத்தார் மண்ணெண்ணெயிலே மோட்டார்ச் சைக்கிள்களை ஓட்டினர். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே, பொன்போலச் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பனிநாட்டான் உறைபனியிற் பெற்றோலோடு படும் பாடும், எம்மவர் கொளுத்தும் வெயிலில் மண்ணெண்ணெயோடு பட்ட பாடும் ஒன்றே: திரவம் ஆவியாக மறுக்கும் பாடு. யாம் மஞ்செஸ்ரரில் மறைவெப்பத்தை மறந்து பணத்தை இறைத்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், எமது தோழர்கள் எவ்வித வசதியுமின்றி அதனை வெற்றி கொண்டிருந்தனர் என்பதைப் பின்னர் கேள்வியுற்றபோது வியந்தோம்; நாணவும் செய்தோம்.

நீர் செய்யும் வேறு குறும்புகள்

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது என்று சொன்னால் நம்புவது அரிது. பெற்றோலிலுள்ள ஐதரசன் வளியின் ஒட்சிசனோடு சேர்வதால் வருவது அது. பெரும்பகுதி புகைபோக்கியால் வெளியேறும். சிறு பகுதி எஞ்சினுள் கசிந்து, குளிர்ந்த சுவரிற் படிந்து, எண்ணெயோடு கலந்து தயிர்போன்ற வெண்மஞ்சட் களியாகும். நாள்தோறும் கடைத்தெருவரை மட்டும் ஓட்டுபவரின் எண்ணெய் மூடியைத் திறந்தால் அக்களியைக் காணலாம். வாரத்துக்கு ஒருமுறையேனும் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டி எஞ்சினை நன்கு சூடேற்றின் அந்நீர் ஆவியாகிப் போய்விடும்.

நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினில் வெறும் நீரை விடுதல் ஆகாது. நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு விரிகின்றது. அவ்விரிவை இரும்பும் தாங்காது. எதிலீன் கிளைக்கோல் என்னும் திரவத்தைச் சமபங்கு நீரோடு கலந்து விட்டால், பூச்சியத்துக்குக் கீழ் 37 பாகை வரை அச்சமில்லை. இழுகம்பிகளின் உறைக்குள் மழைநீர் புகுந்து இரவில் உறைந்தால், அக்சிலேற்றர்ப் பிடி திருகிய நிலையிலேயே நின்றுவிடக்கூடும். புறப்படுமுன் அதனைத் திருகிப் பார்த்தல் உயிர்காக்கும் பழக்கம். பெற்றோல் தாங்கியை நிறைத்து வைத்தால் உள்ளே ஈரவளிக்கு இடமில்லை.

காற்றின் குளிரைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. பூச்சியப் பாகையில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுபவனின் தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகைபோலத் தோன்றும். எஞ்சினுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. காற்று எவ்வளவு வீசினும் உலோகம் சூழ்வளியினும் குளிராது. விரைவிற் சூடிழக்கும், அவ்வளவே. ஓட்டுபவன் நிலையே இரங்கத்தக்கது. விரல்கள் மரத்துத் தடுப்பைப் பிடிக்க இயலாமற் போவது எஞ்சின் நிற்பதினும் கொடிது.

இத்துணைத் துன்பத்தையும் விரும்பி ஏற்பவரும் உளர். செருமனியிலே யானைகள் கூட்டம் என்னும் பெயரில் மோட்டார்ச் சைக்கிளோட்டிகள் 1956ஆம் ஆண்டு முதலாக மாரிக்காலத்திற் கூடுகின்றனர். பச்சை யானை என்று செல்லப்பெயர் பெற்ற சுண்டாப் மோட்டார்ச் சைக்கிளினால் வந்த பெயர் அது. 1989 முதல் அக்கூட்டம் பவேரியக் காட்டிலே சொல்லா என்னும் சிற்றூரின் அருகே நடைபெற்று வருகின்றது. பனியின்மேற் கூடாரமடித்து, வைக்கோல் பரப்பி உறங்குவர். அனுபவசாலிகள் இரவிற் பற்றரியைக் கழற்றித் தம்மோடு கூடாரத்துக்குள் எடுத்துச் செல்வர். குழந்தையைப் போர்த்துவதுபோல அதனைப் போர்த்துவாருமுண்டாம்!

இன்று காபரேற்றரின் காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. ஐரோப்பாவிலே புகைக் கட்டுப்பாடுகள் இறுகியமையால், 2000களின் நடுப்பகுதி தொடங்கிப் புதிய மோட்டார்ச் சைக்கிள்களிற் பெற்றோலை மின்னணுக் கட்டுப்பாட்டுடன் பீச்சும் முறையே வழக்காயிற்று. பீச்சப்படும் பெற்றோல் சூடான வால்வின் அருகே விழுவதால், தகட்டின்மேற் பனி பூக்கும் நோய் அருகிவிட்டது. எனினும் பழைய வண்டிகளைப் பேணுவோர் உலகெங்கும் உளர். எண்ணெயும் பற்றரியும் இன்றும் குளிருக்கு அஞ்சுகின்றன.

வழியில் எஞ்சின் நின்றால் செய்ய வேண்டியதை மட்டும் தொகுத்துச் சொல்வோம். கிளச்சைப் பிடித்து, வேகம் இருக்கும்போதே பாதையோரத்துக்கு ஒதுங்குக. வாகனத்தை அன்று, உம்மை முதலிற் காத்துக்கொள்க. பாதையில் நின்று ஆராய்ச்சி செய்யற்க. காபரேற்றரை உடனே தொட்டுப் பார்க்க. பிந்தினால் தடயம் மறையும். பனியாயின், பற்றரியை வீணே இறைக்காது பத்து நிமிடம் பொறுத்திருக்க. எஞ்சின் தானே எழும்.

ஆய்வுகூடத்து மரக்கட்டை

அன்று மாலை கிழவரிடம் விடைபெற்று, மெல்ல மெல்ல வீடு சேர்ந்தோம். உடல் சூடேறியபின்னரே அந்நினைவு வந்தது. எம் கல்லூரி ஆய்வுகூடத்திலே, பௌதிகவியல் ஆசிரியர் ஒருநாள் மரக்கட்டையொன்றின்மேல் இரண்டு துளி நீரைத் தெளித்து, அதன்மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தார். கிண்ணத்துள் சிறிது ஈதரை ஊற்றி, துருத்தியால் ஊதினார். ஈதர் ஆவியாயிற்று. சற்றுப் பொறுத்துக் கிண்ணத்தைத் தூக்கினார்; மரக்கட்டையும் உடன் எழுந்தது! வெளியே வேம்பின் நிழலும் சுடும் பங்குனி நண்பகலில், எம் கண்முன்னே நீர் உறைந்து கட்டையையும் கிண்ணத்தையும் ஒட்டியிருந்தது. யாம் கைதட்டினோம். ஆசிரியர் கைதட்டலைப் பொருட்படுத்தவில்லை. "வாங்கியது ஈதர். கொடுத்தது யார்?" என்று கேட்டார். "நீர்" என்று ஒரே குரலில் விடை சொன்னோம். "நினைவிருக்கட்டும். வாங்குபவன் ஒருவன் இருந்தால், கொடுப்பவன் ஒருவன் இருப்பான்" என்றார்.

நினைவிருக்கவில்லை. பரீட்சை முடிந்ததும் மறந்தோம். துருத்தியின் இடத்தில் எஞ்சினின் மூச்சும், ஈதரின் இடத்திற் பெற்றோலும், கிண்ணத்தின் இடத்திற் காபரேற்றரும் வந்தபோது அப்பழைய பாடமென்று அறிந்தோமல்லோம். விலைகொடுத்தும், விழுந்தெழுந்தும், அந்நியர் ஒருவரின் தேநீரைக் குடித்துமே அதனை மீண்டும் கற்றோம்.

மாணவத் தம்பியரே, ஆய்வுகூடத்தில் உங்கள் ஆசிரியர் செய்து காட்டுவது பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. அது எந்த நாட்டில், எந்த இருளில், எந்த உருவில் உங்கள் முன் வந்து நிற்குமென்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கைதட்டுங்கள், அதன்பின் அவர் கேட்கும் கேள்வியையும் கேளுங்கள்.

அவ்வாசிரியர் இன்று இல்லை. யாம் மறந்த பாடத்தை எமக்கு நினைவூட்டிய கிழவரும் மறைந்திருப்பார். இருவருக்கும் நேரில் நன்றி சொல்லும் பேறு எமக்குக் கிட்டவில்லை. கல்லூரியன்னையின் இவ்விழா நாளில், இச்சிறு கட்டுரையை அவ்விருவருக்கும் உரிய நன்றியாகப் படைக்கின்றோம்.